புது டயர் போட்ட பின் வரும் குறைகள்: ஸ்போர்ட்ஸ் செடானுக்கான அறிகுறி வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் செடானுக்குப் பெர்ஃபாமன்ஸ் டயர் மாற்றியவர்களின் முறையீடு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "இவ்வளவு பணம் கொடுத்தும் வண்டி முன்பு போல இல்லை." பழி டயர் மீது விழுந்துவிடுகிறது. டயருக்குள் இருக்கும் காற்று, அதைத் தாங்கும் ரிம், ரிம் பொருந்தும் ஹப், சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிக்கும் சஸ்பென்ஷன் என எங்கே குறை இருந்தாலும் அது டயர் வழியாகத்தான் நம் கைக்கும் காதுக்கும் வந்து சேர்கிறது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் சொல்கிறேன். டயரைக் குறை சொல்வது கடைசிப் படி.

எந்த அறிகுறியானாலும் முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைதான் பின்பற்ற வேண்டிய அளவு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் ஏற்கக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருவதற்காகக் கடையில் கூடுதல் அழுத்தம் ஏற்றுவார்கள். அதைக் குறைக்க மறந்து வண்டியை அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். பிற்பகல் வெயிலில் சரியாக நிரப்பிய டயர், குளிர்ந்த காலையில் குறைவாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். அது கசிவு அல்ல.

உடனே வண்டியை நிறுத்த வேண்டியவை

பக்கச்சுவரில் வெளியே தள்ளிய வீக்கம் தெரிந்தால் அந்த டயரில் இனி ஓட்டக் கூடாது. பள்ளத்தில் மோதியதில் உள்ளிருக்கும் இழைகள் அறுந்து, மேல் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. பக்கச்சுவரில் உள்நோக்கிய மெல்லிய குழிவு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது இழைத் துணியின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், எல்லா ரேடியல் டயர்களிலும் இயல்பாக வருவது. வீக்கம் ஆபத்து, குழிவு ஆபத்தில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சக்கரம் கழற்றி மாட்டிய ஓரிரு நாளில் 'டக் டக்' என்ற ஓசையும் தள்ளாட்டமும் வந்தால் சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி அங்கேயே முறுக்கிப் பாருங்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், டயர் மாற்றிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

முதல் சில நாள்: வழுக்குகிறது, ஸ்டீயரிங் மந்தமாக இருக்கிறது

தொழிற்சாலையில் டயர் வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசப்படும் பொருளின் மிச்சம் புது ரப்பரின் மேல் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்பு கிடைக்காது. அதுவரை திடீர் பிரேக்கும் வளைவில் வேகமும் வேண்டாம்.

மந்தத்துக்கு வேறொரு காரணம் உண்டு. பழைய டயரில் 2 மில்லிமீட்டர் ட்ரெட், அதாவது சாலையைத் தொடும் ரப்பரின் பள்ள ஆழம், மட்டுமே எஞ்சியிருந்திருக்கும். புதியதில் 7, 8 மில்லிமீட்டர் உயரமுள்ள ரப்பர் கட்டைகள் நிற்கின்றன. அவை வளைவில் சற்று நெளியும். தேய்ந்த டயரின் கூர்மைக்குப் பழகிய கைக்கு இது மழுங்கலாகப் படும். ஓட ஓடக் குறைந்துவிடும்.

குறையவே இல்லையென்றால் நீங்கள் எதிலிருந்து எதற்கு மாறினீர்கள் என்று பாருங்கள். ரன்-ஃபிளாட் டயரிலிருந்து (காற்றிறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடியது) சாதாரண டயருக்கு மாறியிருந்தால் பக்கச்சுவரின் விறைப்பு போய்விட்டது; வண்டி சுகமாக ஓடும், ஆனால் ஸ்டீயரிங்கின் முதல் திருப்பத்தில் சிறு தாமதம் இருக்கும். இந்த மாற்றத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: அத்தகைய வண்டிகள் பலவற்றில் உபரிச் சக்கரம் இருக்காது, ஆகவே காற்றடைக்கும் கருவியும் பஞ்சர் அடைக்கும் பொருளும் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். கோடைக்கால டயரிலிருந்து ஆல்-சீசன் டயருக்கு மாறியிருந்தால் அந்த மென்மை டயரின் இயல்பு. காற்றை 2 பிஎஸ்ஐ கூட்டிப் பார்க்கலாம்; அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

குறியீட்டையும் படியுங்கள். 225/45 ஆர்17 94ஒய் என்றிருந்தால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதன் எண். 91 என்றால் 615 கிலோ. வேக எழுத்தில் வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். வண்டிக்கு விதிக்கப்பட்ட எடை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கக் கூடாது. பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று: 94 எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கான வகை) டயரின் 670 கிலோ கணக்கு 42 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு உரியது, சாதாரண 91 டயரின் 615 கிலோ 36 பிஎஸ்ஐக்கு உரியது. ஒரே அழுத்தத்தில் எக்ஸ்எல் டயர் சாதாரண டயரைவிடச் சற்றுக் குறைவாகத்தான் தாங்கும். ஆக, சாதாரண டயரிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறி, முழுச் சுமையோடு வேகமாகப் போகிறவர் ஓரிரு பிஎஸ்ஐ கூட்ட வேண்டியிருக்கும்.

அதிர்வு

அதிர்வு எப்போது வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. 'நெடுஞ்சாலையில் ஆடுகிறது' என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவரும் பேலன்சிங் செய்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வார். கொஞ்சம் பொறுமையாகக் கவனித்துச் சொல்லுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்கைப் பாருங்கள். முடுக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளைப் பாருங்கள். இரண்டிலும் டயருக்குப் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. கிளம்பிய சில நிமிடம் தடதடத்துவிட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தானாக மறைந்தால், வண்டி நாள்கணக்கில் நின்ற இடத்தில் டயர் தட்டையாகப் படிந்திருக்கிறது. அகலமான, பக்கச்சுவர் தாழ்ந்த பெர்ஃபாமன்ஸ் டயர்களில் இது சகஜம். 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி தத்தித் தத்திப் போனால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயருக்குள் எஃகுப் பட்டை விலகியிருக்கலாம். பின்னது ஆபத்தானது, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால் ட்ரெட் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

மிச்சமிருப்பது, 90 கிலோமீட்டரையொட்டித் தொடங்கி இன்னும் வேகம் கூட்டினால் தணியும் அதிர்வு. ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம். இதற்குப் பேலன்சிங் சரிதான், ஆனால் அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ரிம்மின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஈயக்கட்டிகள் விழுந்துவிட்டனவா? பசை காய்ந்த தடம் காட்டிக்கொடுக்கும். ஹப் முகத்தில் துரு அடையாக இருக்கிறதா? அது ரிம்மைச் சரியாகப் படிய விடாது. ரிம் பிறகு வாங்கியதென்றால், அதன் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையே வளையம் போடப்பட்டிருக்கிறதா? வளையம் இல்லாமல் நட்டுகளை மட்டும் நம்பி மாட்டிய ரிம் மயிரிழை விலகி உட்காரும். இயந்திரத்தில் கச்சிதமாகப் பேலன்ஸ் ஆகும், சாலையில் ஆடும்.

புது டயருக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. மாட்டும்போது விளிம்பில் பூசும் வழவழப்புப் பொருள் காய்வதற்குள் கடுமையாகப் பிரேக் அடித்தாலோ முடுக்கினாலோ டயர் ரிம்மின் மேல் சற்று நகர்ந்துவிடும். அன்று செய்த பேலன்சிங் பொருளற்றுப் போகும். டயர் மாற்றியதும் வால்வுக்கு நேராக டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுப் படமும் எடுத்து வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு அதிர்வு நீடித்தால் உருளையை டயர்மேல் அழுத்திச் சுழற்றி அளக்கும் வகை இயந்திரம் உள்ள கடைக்குப் போங்கள். சாதாரண இயந்திரம் எடைச் சமநிலையை மட்டும் பார்க்கும். டயரின் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் இளகியும் இருப்பதை அது காணாது. அளவு அதிகமாகக் காட்டினால் டயரை ரிம்மில் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள். பல டயர்களில் உள்ள சிவப்புப் புள்ளி அந்த விறைப்பு வேறுபாட்டால் எழும் விசையின் உச்சத்தைக் குறிப்பது, மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடத்தைக் குறிப்பது. திருப்பியும் அளவு இறங்கவில்லையென்றால், அந்த அளவீட்டுத் தாளோடு டயரைத் திருப்பிக் கொடுக்கலாம். தாள் இல்லாமல் போனால் விவாதம்தான் மிஞ்சும்.

ஒரு பக்கம் இழுக்கிறது

சாலை ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால் எல்லா வண்டியும் கொஞ்சம் சரிவுப் பக்கம் போகும். முடிந்தால் சரிவு எதிராக இருக்கும் தடத்திலும் ஓட்டிப் பார்த்து, அப்போதும் அதே பக்கம் இழுத்தால் மட்டும் மேலே தொடருங்கள்.

முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பின் திசை மாறினால் குறை டயரில். பட்டைகள் துல்லியமாக நடுவில் அமையாத டயர் கூம்பு போல உருள முயலும். திசை மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது முழுதாக விடுபடாத பிரேக். சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயரை இப்படி மாற்றக் கூடாது. அதில் அதே பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் மாற்றிப் பாருங்கள், அளவு ஒன்றாக இருந்தால். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று குறித்த டயரை இடம் வலம் மாற்றத் தடையில்லை. ஆனால் வெளிப்பக்கம் என்று எழுதிய முகம் வெளியில்தான் தெரிகிறதா என்று நான்கிலும் பாருங்கள். ஒன்று மட்டும் திருப்பி மாட்டப்பட்டிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

இரைச்சல்

முதல் நாளிலிருந்தே இருக்கும் இரைச்சலும் சில மாதம் கழித்து வரும் இரைச்சலும் வெவ்வேறு.

முதல் நாளிலிருந்தே இருந்தால் அது டயரின் வடிவமைப்பு. சொரசொரப்பான தாரில் எல்லாப் பெர்ஃபாமன்ஸ் டயரும் சத்தமிடும். சாலை இணைப்புகளில் ஏறும்போது 'டொம்' என்று உள்ளே எதிரொலிப்பது டயருக்குள் அடைந்திருக்கும் காற்றின் அதிர்வு. ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. உட்புறம் நுரைப் பட்டை ஒட்டிய டயர்கள் இதைத்தான் குறைக்கின்றன, ட்ரெட்டின் சத்தத்தை அல்ல. ஐரோப்பிய லேபிளில் டெசிபல் எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாற்றமடைவதும் இங்கேதான்: அது வண்டிக்கு வெளியே, சாலையோரத்தில் அளந்த சத்தம். வண்டிக்குள் கேட்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு 'ஊம்' என்ற முனகல் தொடங்கி வேகத்தோடு கூடினால், பலரும் பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பேரிங் மாற்றிய பிறகும் சத்தம் இருக்கிறது என்று வருந்துகிறவர்களும் உண்டு. பிரித்தறிய வழி எளிது. காலியான சாலையில் நிதான வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதும் ஒடியுங்கள். பாரம் மாறும்போது சத்தமும் ஏறி இறங்கினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வழவழப்பான தாரிலிருந்து கரடான சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மையே மாறினால் டயர்.

அடுத்து, வண்டியை நிறுத்திவிட்டுக் கையால் ட்ரெட்டைத் தடவுங்கள், சுற்றுவாக்கில் முன்னும் பின்னுமாக. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் விரலில் இடறினால் அது ரம்பப்பல் தேய்மானம். பின் சக்கரங்களின் உட்புறத் தோளில்தான் அதிகம் வரும். குனிந்து கைவிட்டால்தான் தெரியும். சக்கரங்களை இடம் மாற்றாமலே ஓட்டுவதும், டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருப்பதும் இதற்குக் காரணம். வெளியே நீட்டிய எஃகு இழை கையைக் கிழித்துவிடாதபடி கையுறையோடு தடவுவது நல்லது. பல்லாக இல்லாமல் அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. புது டயர் போட்டாலும் அதே குழிகள் திரும்ப வரும்.

பல் விழுந்த டயரைக் காரணத்தைச் சரிசெய்த பின் அச்சு மாற்றிப் போட்டால் மெல்ல மட்டமாகலாம், எப்போதும் அல்ல. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுவதே தீர்வு. முன்பின் வெவ்வேறு அளவுள்ள வண்டிகளில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவற்றுக்கு டயர் தேர்வு செய்யும்போது திசை அம்புள்ள வகையைத் தவிர்த்து, உள்பக்கம் வெளிப்பக்கம் குறித்த வகையை எடுங்கள். குறைந்தபட்சம் இடம் வலமாவது மாற்றலாம்.

உள்விளிம்பு மட்டும் கரைகிறது

ஸ்போர்ட்ஸ் செடானில் டயரைக் கொல்வதில் இதற்கு ஈடு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அழகான ட்ரெட். உட்புறம் இழை தெரியும் வரை மொட்டை.

எல்லோரும் கேம்பரைக் குறை சொல்வார்கள். சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருப்பது வளைவில் பிடிப்புக்காகத் தயாரிப்பாளரே வைத்தது. அது உள்விளிம்பில் பாரத்தைக் கூட்டுமே தவிர, தனியாக அவ்வளவு வேகத்தில் ரப்பரைத் தின்றுவிடாது. சக்கரங்கள் முன்புறம் வெளிநோக்கித் திறந்திருக்கும் டோ தவறுதான் டயரைச் சாலையில் இழுத்துத் தேய்க்கிறது. கேம்பர், எந்த ஓரம் முதலில் தேயும் என்பதைத் தீர்மானிக்கிறது. வண்டியைத் தாழ்த்தியிருந்தால் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கும்.

அலைன்மென்ட் செய்யும்போது நான்கு சக்கரத்துக்கும் செய்யச் சொல்லுங்கள். பின் டோவைச் சரிசெய்யும் வசதி இந்த வண்டிகளில் பெரும்பாலும் உண்டு. திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகள் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள். திருத்திய பிறகும் சில மாதத்தில் மறுபடி விலகினால் கோணத்தை மட்டும் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை; சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களின் ரப்பர் கிழிந்திருக்கும். பச்சை வண்ணத்தில் திரையில் ஒளிரும் எண்களைவிட, வண்டியைத் தூக்கி ஒரு கம்பியால் நெம்பிப் பார்க்கும் மெக்கானிக்கை நான் நம்புவேன்.

நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. எல்லா இடமும் சீராக, ஆனால் சீக்கிரமாகத் தேய்ந்தால் மென்மையான ரப்பரைத் தேர்ந்திருக்கிறீர்கள். பக்கச்சுவரில் 200, 300, 400 என்று ட்ரெட்வேர் எண் இருக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்கிறார். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட உதவும், இரு நிறுவனங்களை ஒப்பிட உதவாது.

சவாரி கடுமை, உரசல், எச்சரிக்கை விளக்கு, மைலேஜ் மாறுதல்

ரிம்மைப் பெரிதாக்கியிருந்தால் கடுமைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். 225/45 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 634 மில்லிமீட்டர்; 225/40 ஆர்18 டயருக்கு 637. வெளி அளவு மாறவில்லை, பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் பக்கச்சுவர் 101 மில்லிமீட்டரிலிருந்து 90க்கு இறங்கிவிட்டது. கரடுமுரடான சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு 17 அங்குலமே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது உரசல் கேட்டால் மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக்கில் பளபளத்த தடம் எங்கே என்று தேடுங்கள். அகலமோ ரிம்மின் ஆஃப்செட்டோ (ரிம் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) மாறியிருக்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் அதே டயரும் சுமார் 5 மில்லிமீட்டர் அகன்று நிற்கும்.

காற்றழுத்த விளக்கு எரிந்தால் முதலில் அளந்து பாருங்கள். அளவு சரியென்றால், சக்கரங்களின் சுழற்சி வேகத்தை வைத்துக் கணிக்கும் முறை உள்ள வண்டியில் புது டயருக்குப் பிறகு மெனுவில் ரீசெட் செய்ய வேண்டும். மைலேஜ் சற்றுக் குறைந்தது போலத் தெரிவதில் ஒரு பகுதி கணக்கு மட்டுமே: முழு ட்ரெட் உள்ள டயரின் விட்டம் முற்றும் தேய்ந்ததைவிட ஏறக்குறைய 2 விழுக்காடு அதிகம், ஆக ஓடிய தூரத்தை வண்டி குறைத்துக் காட்டும். ஆழமான புது ட்ரெட் நெளிவதில் உண்மையாகவே கொஞ்சம் எரிபொருள் செலவாகவும் செய்கிறது.

மழையிலும் குளிரிலும் பிடிப்பு இல்லை

கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். காலையில் முதல் வளைவில் வழுக்கி, சூடேறியதும் சரியாவது இதனால்தான். உறைகுளிரில் அந்த ரப்பர் வெடிப்பு விடவும் கூடும். அப்படிப்பட்ட குளிர் வருடந்தோறும் வரும் இடத்தில் இரண்டாவது செட் டயர் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மழையில் மட்டும் வழுக்கினால் ட்ரெட் ஆழத்தை அளந்து பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் எல்லை அதுவே. ஆனால் அகலமான டயர் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் வந்ததுமே தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்குகிறது. மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுங்கள். ஆழம் இருந்தும் வழுக்கினால் வயதைப் பாருங்கள்: பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

ஒரு டயர் மட்டும் போய்விட்டால்

ட்ரெட்டின் நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டருக்குட்பட்ட ஆணித்துளை என்றால், டயரைக் கழற்றி உட்புறமிருந்து அடைப்பும் ஒட்டும் சேர்த்துப் போடலாம். வெளியிலிருந்து திரி செருகுவது கடை வரை போய்ச் சேர்வதற்குத்தான். தோளிலோ பக்கச்சுவரிலோ துளை என்றால் அந்த டயர் முடிந்தது.

இரு சக்கர இயக்கமுள்ள வண்டியில் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றி, புதியவற்றைப் பின்னால் போடுங்கள். என்ஜின் முன் சக்கரத்தை ஓட்டினாலும் அப்படித்தான். ஈரத்தில் முன் டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் மீளும். பின் டயர் மிதந்தால் வண்டி சுழலும், பெரும்பாலான ஓட்டுநர்களால் அதை மீட்க முடியாது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் மற்ற மூன்றின் ட்ரெட்டும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றுவதுதான் பாதுகாப்பு. விட்டம் மாறுபட்ட சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலும் அதன் கிளட்சும் ஓயாமல் அந்த வேறுபாட்டை உள்வாங்கிச் சூடாகிக் கெடும். வாங்கும் முன் உங்கள் வண்டியின் கையேட்டில் அனுமதிக்கும் வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் அதைச் சுற்றளவாகத் தந்திருப்பார்கள், அப்போது நாடாவால் நான்கு டயரையும் சுற்றி அளந்தாலே விடை தெரிந்துவிடும்.